முட்டையிடுவதால் ஓணான் சீக்கிரம் மூப்படைகிறதா: ப்ராஜெக்ட் செய்ய நினைப்பவர்களுக்கு

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது டிஎன்ஏ சோதனைக்கான கிட் எங்கே வாங்குவது என்றுதான். அது கடைசி வேலை. வனத்துறை அனுமதியும் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் கையில் இல்லாமல் ஓணானைத் தொடவே கூடாது.

அப்புறம், எந்த ஓணான் எது என்று தெரிய வேண்டும். பெயிண்ட் வைத்தால் தோல் உரிக்கும்போது போய்விடும்; வளர்ந்த ஓணானுக்குத் தோலடிச் சிப் நல்லது. ரத்தத்தை வாலின் அடியிலுள்ள சிரையில் எடுங்கள். பல்லி வால் மாதிரி இது கழன்று கையோடு வராது. (நம் ரத்தத்தை அது உறிஞ்சும் என்று ஊரில் பயப்படுவார்கள், இங்கே உறிஞ்சுவது நாம்தான்.) ஊர்வனவற்றின் சிவப்பணுவில் உட்கரு உண்டு என்பதால் ஒரு சின்னத் துளியிலேயே போதிய டிஎன்ஏ கிடைத்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் ஹெப்பாரின் போட வேண்டாம், டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கெடுக்கும். அதற்குப் பதில், உறைவதைத் தடுக்கும் இன்னொரு பொருளான இடிடிஏ போடுங்கள்.

நாம் அளப்பது குரோமோசோம் நுனியிலுள்ள டிஎன்ஏ மூடியான டெலோமியரின் நீளம்; பல விலங்குகளில் வயதோடு இது குறுகுவதால் மூப்பின் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். அதே விலங்கிடம் இனப்பெருக்க சீசனுக்கு முன்பு ஒருமுறை, முடிந்தபின் ஒருமுறை ரத்தம் எடுத்து, இரண்டையும் ஒரே கியூபிசிஆர் (டிஎன்ஏவின் அளவையும் காட்டும் பிசிஆர்) தட்டில் ஓட்டுங்கள். குரோமோசோமின் நடுவிலும் டெலோமியர் போன்ற வரிசைகள் இருக்கலாம், அவையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே விலங்கின் இரு அளவுகளைக் கழித்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இனப்பெருக்கத்துக்கு விலங்கு செலவிடும் உழைப்பை எப்படி அளப்பது? பெண்ணுக்கு, மொத்த முட்டைகளின் எடையை முட்டையிட்டபின் உள்ள உடல் எடையால் வகுங்கள். ஆணை விட்டுவிடாதீர்கள். கனடாவின் மனிட்டோபாவில் கார்ட்டர் பாம்புகளை ஆராய்ந்தபோது, வயது ஏற ஏற டெலோமியர் குறுகியிருந்தது குட்டி சுமக்கும் பெண்களிடம் அல்ல, ஆண்களிடம். வசந்தத்தில் அந்த ஆண்கள் இரை எடுக்காமல் பெண்ணைத் துரத்துவதிலேயே உடம்பைக் கரைக்கின்றன. ஆகவே சிவந்த தலையோடு வேலியில் தண்டால் எடுக்கும் ஆண் ஓணானையும் நேரம் குறித்துப் பாருங்கள், எடை போடுங்கள்.

பலர் சறுக்குவது முடிவைப் படிக்கும்போதுதான். சுவீடனின் மணல் பல்லிகளில், டெலோமியர் நீளமாக உள்ள பெண்கள்தான் வாழ்நாளில் அதிகக் குஞ்சுகளை விட்டுச் சென்றன. அதை வைத்து முட்டையிடுவது இளமை தரும் என்று எழுதிவிடாதீர்கள். திடமான உடம்புக்கு நீண்ட டெலோமியர், நிறைய குஞ்சு இரண்டுமே முடிகிறது, அவ்வளவுதான். செலவு எவ்வளவு என்று உண்மையாகத் தெரிய வேண்டுமானால் உழைப்பை நாமே கூட்டிக் குறைக்க வேண்டும். அமெரிக்காவில் பேரி சினர்வோ என்ற ஆய்வாளர் பக்கப்புள்ளிப் பல்லிகளின் வளரும் முட்டைகளில் கைவைத்து, முட்டையின் அளவையும் எண்ணிக்கையையும் மாற்றிக் காட்டினார். அது அறுவை சிகிச்சை. ஆறு மாத ப்ராஜெக்ட்டில் வேண்டாம்.

ஆய்வில் குஞ்சுகளையும் சேர்க்காதீர்கள், வளரும் வயதில் டெலோமியர் குறுகாமல் நீளவும் கூடும். ஆஸ்திரேலியாவின் நீர் மலைப்பாம்புகளில், பொரித்த குஞ்சைவிட ஒரு வயதுப் பாம்புக்கு டெலோமியர் நீளம் அதிகம். பெரிய ஓணானிலும் இரண்டாவது அளவு கூடுதலாக வந்தால் சாம்பிளைத் தூக்கிப் போடாமல் மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்படியே வந்தால் அப்படியே எழுதுங்கள்.