சிலம்பமா, கராத்தேவா, ஜூடோவா? சேரும் முன் பார்க்க வேண்டியவை

எந்தத் தற்காப்புக் கலை உசத்தி என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில்தான் கிடைக்கும். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு மாதம் விடாமல் எதற்குப் போக முடியும் என்று யோசியுங்கள். வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நல்ல வகுப்பை விட, பத்து நிமிடத்தில் இருக்கும் சுமாரான வகுப்பில்தான் பலர் நிலைக்கிறார்கள்.

அடுத்தது உடம்பு. கழுத்திலோ தோள்பட்டையிலோ பழைய தொந்தரவு இருந்தால் ஜூடோ, ஜியு-ஜிட்சு சேரும் முன் எலும்பு மருத்துவரைக் கேளுங்கள். தூக்கிப் போடுவதும் பிடித்துப் பூட்டுவதும் அங்கே அன்றாடப் பாடம். முட்டி வலி உள்ளவர்களுக்கு டேக்வாண்டோ கஷ்டம். ஊன்றிய கால் நன்றாகத் திரும்பாமல் சுழற்றி உதைத்தால், முறுக்கு முழுவதும் முட்டியில் இறங்கும். நாற்பது தாண்டியவர்களுக்குச் சிலம்பம் நல்ல தொடக்கம். காலடியை நிதானமாகப் போட்டுப் பழகலாம், தாவலும் மண்டியும் பிறகு வரட்டும்.

போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். ஜூடோ 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நுழைந்தது. டேக்வாண்டோ 2000 சிட்னியிலிருந்து பதக்க விளையாட்டு. கராத்தே டோக்கியோ 2020இல் மட்டும் இருந்தது, பாரிஸ் 2024இல் இல்லை. தமிழ்நாட்டு அரசு வேலைகளுக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. ஆனால் எந்தச் சங்கம் நடத்தும் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள்.

மனதில் ஒன்றை முடிவு செய்த பிறகு, ஒரு வகுப்பு முழுவதையும் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஜூடோ என்றால் புதியவர்களுக்கு விழுவதைச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதே முதல் கேள்வி. தாடையை நெஞ்சோடு ஒட்டி, உடம்பு தரையைத் தொடும் நொடியில் கையை நீட்டி விரிப்பில் அறைய வேண்டும். பயத்தில் கையை ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ போய்விடும். முதல் நாளே ஆளைத் தூக்கிப் போடுகிற இடத்திலும், டைல்ஸ் தரையில் மெல்லிய பாய் விரித்த இடத்திலும் சேராதீர்கள். கராத்தேயில் எதிராளியோடு பயிற்சி நடக்கிறதா என்று கவனியுங்கள். காற்றில் போடும் கட்டா, அதாவது எதிராளி இல்லாமல் வரிசையாகச் செய்யும் அடி, தடுப்பு அசைவுகள், நல்ல பயிற்சிதான். ஆனால் நிஜமாக வரும் கையைத் தடுக்கும் தூரமும் நேரமும் ஆள் எதிரே நின்றால்தான் பிடிபடும்.

பெல்ட் கட்டணத்தையும் கேளுங்கள்: தேர்வுக்கு எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை தேர்வு? இத்தனை மாதத்தில் கறுப்புப் பட்டை நிச்சயம் என்கிற இடம் வேண்டாம். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் அதற்கு ஏறத்தாழ பத்து வருடம் ஆகும்.

சிலம்பத்தில் பெரும்பாலும் கம்பில்தான் தப்பு நடக்கும். நிமிர்ந்து நின்று கம்பைப் பக்கத்தில் நிறுத்தினால் நுனி புருவத்துக்கும் நெற்றிக்கும் நடுவே வர வேண்டும். அப்பாவின் கம்பைப் பிள்ளையிடம் கொடுத்தால் நுனி தரையில் தட்டும். தட்டாமலிருக்கப் பிள்ளை முழங்கையைத் தூக்கும். அதுவே பழக்கமாகித் தோள் வலிக்கும். வாங்கும்போது ஒரு கையால் பத்துச் சுற்று சுற்றிப் பாருங்கள். கம்பு மணிக்கட்டை இழுத்தால் கனம் அதிகம். மூங்கில் என்றால் கணு ஒவ்வொன்றிலும் விரலை ஓட்டிப் பாருங்கள், அங்கிருந்துதான் கீறல் ஓடும். முதல் ஆறு மாதத்துக்குப் பிரம்பு போதும்.

குத்துச்சண்டைக்கு முதல் மாதம் கையுறை வாங்க வேண்டாம், பயிற்சிக்கூடத்தில் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாம். கையில் சுற்றும் பட்டையும் பல் காப்பும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு 4.5 மீட்டர் பட்டை சரி. குட்டைப் பட்டை மணிக்கட்டுக்குப் போதாது. எதிராளியோடு மோதிப் பழகும் கட்டத்தில் பெரியவர்களுக்கு 16 அவுன்ஸ் கையுறை.

வருடக் கட்டணம் சலுகையில் கிடைத்தாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். தொடை, தோள் சதை இரண்டு மூன்று நாள் வலிப்பது இயல்பு. மூட்டில் ஒரே இடத்தில் குத்தி, நடக்கையிலும் வலித்தால் நிறுத்திவிட்டு ஆசானிடம் சொல்லுங்கள். அவர் "தாங்கிக்கோ" என்றால் வேறு வகுப்பு தேடலாம். சேரும் நாளிலேயே இன்னொன்றும் கேளுங்கள்: இங்கே கடைசியாக யாருக்கு அடிபட்டது, என்ன செய்தீர்கள்? நல்ல ஆசான் மழுப்பாமல் சொல்வார். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் காட்டுவார்.