பேட்ச் அனுப்பும் முன் அந்த ஒரு ஃபைலைப் படித்துவிடுங்கள்

ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட் ஒன்றில் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டால், உடனே புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) போடக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கோடு இருக்கும் ரெப்போவின் மேல்மட்டத்திலோ, டாக்ஸ் ஃபோல்டரிலோ 'கான்ட்ரிபியூட்டிங்' என்று, பங்களிப்போருக்கான விதிகளோடு ஒரு ஃபைல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழுசாகப் படியுங்கள், அதுவும் கோடில் கை வைக்கும் முன்பே. சில புராஜெக்ட்களில் முதலில் இஷ்யூ (பிழை பற்றிய பதிவு) போட்டுப் பேசிவிட்டுத்தான் எழுத வேண்டும், சிலவற்றில் மெயின் என்ற முதன்மை பிராஞ்சுக்கு (கோடின் கிளை) அனுப்பாமல் வேறு பிராஞ்சுக்கு அனுப்ப வேண்டும், லினக்ஸ் கெர்னலிலோ கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டே எடுபடாது, பேட்ச், அதாவது உங்கள் மாற்றம், மின்னஞ்சலில்தான் போக வேண்டும்.

அதிகம் சொதப்புவது எடிட்டரால்தான். நீங்கள் மாற்றியது மூன்றே வரி. ஆனால் சேவ் செய்ததும் எடிட்டர் ஃபைல் முழுவதையும் தன் பாணிக்கு அடுக்கிவிட, மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் 400 வரி சிவப்பும் பச்சையுமாக நிற்கும். ரிவ்யூ செய்பவர் அதற்குள் உங்கள் மூன்று வரியைத் தேட வேண்டும், அவர் பெரும்பாலும் சம்பளமில்லாமல் தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர். நாளைக்கு, எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் 'கிட் பிளேம்' போடுகிறவருக்கும் அந்த 400 வரியிலும் உங்கள் பெயர்தான் வரும். அதனால் அந்த ரெப்போவுக்கு மட்டுமாவது ஆட்டோ ஃபார்மேட்டை அணைத்துவிட்டு, புராஜெக்ட் எதைச் சொல்கிறதோ அதையே ஓட்டுங்கள். பைத்தானில் 'பிளாக்' என்ற ஃபார்மேட்டர் என்றால் வரிக்கு 88 எழுத்து, கெர்னல் என்றால் 8 இட அகலத்தில் டேப். 'கிட் ஆட்' கட்டளையோடு 'மைனஸ் பி' சேர்த்தால் மாற்றங்களைத் துண்டு துண்டாகக் காட்டிக் கேட்கும், வேண்டாததை அங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் கமிட் மெசேஜ், மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பு. 'பிழை திருத்தம்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'காலி ஃபைலைத் திறந்தால் கிராஷ் ஆவதைத் தடு' என்று எழுதுங்கள், பல இடங்களில் தலைப்புக்கு 50 எழுத்துதான் வழக்கம். ஒரு வரி விட்டு, ஏன் கிராஷ் ஆனது, ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை டிஃப்பே காட்டிவிடும், காரணத்தை நீங்கள்தான் சொல்ல முடியும்.

கமிட் மெசேஜின் கடைசியில் உங்கள் பெயரோடு 'சைன்ட் ஆஃப் பை' வரி வேண்டும் என்று புராஜெக்ட் கேட்டால் அலட்சியம் வேண்டாம். 2004-இல் கெர்னலில் வந்த வழக்கம் அது. இந்தக் கோடை இந்த லைசென்ஸில் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் கொடுக்கும் உறுதி. 'கிட் கமிட்' கட்டளையோடு 'மைனஸ் எஸ்' (சின்ன எழுத்து எஸ்) போட்டால் தானாகவே சேர்ந்துவிடும். அலுவலக நேரத்தில் எழுதிய கோடு என்றால் நிறுவனத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட்டை உங்கள் மெஷினிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ரிவ்யூவில் திருத்தம் சொன்னால் பழையதை மூடிப் புது ரிக்வெஸ்ட் திறக்காமல், அதே பிராஞ்சில் புஷ் செய்யுங்கள், அதுவரை நடந்த பேச்செல்லாம் அங்கேதான் இருக்கிறது.