திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் காரில் நீங்களே வேலை பார்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகள், அதாவது 1989 முதல் 2005 வரை வந்தவை, வீட்டிலேயே கழற்றிப் பூட்டத் தோதானவை. பெரும்பாலான வேலைகளுக்கு 10, 12, 14, 17 மில்லிமீட்டர் ஸ்பேனர்களே போதும். இந்த எளிமையே பலரை அவசரப்பட வைக்கிறது. கார் வாங்கிய கையோடு ஸ்பிரிங், எக்ஸாஸ்ட், பெரிய வீல் என்று இறங்கிவிடுகிறார்கள். கூரையிலிருந்து தண்ணீர் வடியும் துளை அடைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில்லை. சரியான வரிசை முதலில் தண்ணீர், பிறகு பிரேக், அதன்பின் எண்ணெய்கள். மேம்பாடு கடைசியில்தான்.

கூரையும் தண்ணீரும்

துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீர் ஒரு கால்வாய் வழியாக இரு பக்கமும் ஓடி, சீட் பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால் உள்ள வடிகுழாய்களில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் வெளியேறும். இலைத்தூளும் மண்ணும் சேர்ந்து இந்த வழியை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள சில் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே துரு பிடிக்கும். பெயின்ட் கொப்புளிப்பது கண்ணில் படும்போது உள்தகடு பெரும்பாலும் போயிருக்கும். இந்தக் காரைத் தீர்த்துக்கட்டுவது என்ஜின் பழுதல்ல, இந்தத் துருதான்.

அடைப்பெடுக்கக் கம்பியையோ கம்ப்ரெஸர் காற்றையோ பயன்படுத்தாதீர்கள். குழாய் இணைப்பிலிருந்து கழன்றால் தண்ணீர் நேராக சில்லுக்குள் கொட்டும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு போதும், வளையும், கிழிக்காது. பிறகு ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இரு பக்கமும் ஒரே வேகத்தில் கீழே வடிய வேண்டும். ஒரு பக்கம் சொட்டுச் சொட்டாக வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள்.

முதல் தலைமுறையின் பிளாஸ்டிக் பின்ஜன்னலை ஜிப் திறந்து தட்டையாகப் படுக்க வைத்த பிறகே கூரையை மடக்க வேண்டும். அப்படியே மடக்கினால் முதலில் வெண்கோடு விழும், பிறகு அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். குளிரில் பிளாஸ்டிக் விறைத்திருக்கும். அப்போது மடக்கவே வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் அதை மங்கலாக்கும். ஈரக்கூரையை மடித்து நாள்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். பிளீச் தையல் நூலை அரிக்கும். ஹை பிரஷர் வாட்டர் கன் கூரையின் பக்கமே வரக்கூடாது.

காரைத் தூக்குவது

அடிப்பக்கம் நீளவாக்கில் ஓடும் இரண்டு ரெயில்கள் உறுதியானவை போலத் தெரிகின்றன. உண்மையில் அவை மெல்லிய தகடு. ஜாக் வைத்தால் நசுங்கும். முன்பக்கத்தில் சப்ஃபிரேமின் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) நடுப்பகுதி, பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) கூண்டின் நடு, இவைதான் டிராலி ஜாக்குக்கு உரிய இடங்கள். ஸ்டாண்டுகளை சில் விளிம்பில் வெட்டுக்குறி உள்ள இடத்தில், நடுவே பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையோடு வையுங்கள். ஆயில் சம்ப் (என்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) எந்தக் காலத்திலும் ஜாக் பாயின்ட் அல்ல. கூரையில்லாத உடலில் முறுக்கத்தைத் தாங்குவது சில்கள்தான். அவை துருப்பிடித்த காரை ஒரு மூலையில் மட்டும் தூக்கினால் கதவு இடுக்கு மாறிவிடும், சில சமயம் கதவே சிக்கிக்கொள்ளும். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள்.

பின் பிரேக்: அதிகம் பேர் சறுக்கும் இடம்

பின் பேட் மாற்றும்போது காலிப்பரின் (பேடை டிஸ்கில் அழுத்தும் பகுதி) பிஸ்டனை கிளாம்ப் போட்டு அழுத்துவதே பெரிய தவறு. ஹேண்ட் பிரேக்கின் இயக்கமும் அந்த பிஸ்டனுக்குள்தான் இருக்கிறது. அது அழுத்தினால் போகாது, திருகினால்தான் போகும். பலம் போட்டு அழுத்தினால் உள்ளே உள்ள அட்ஜஸ்டர் சேதமாகும்.

முறை இதுதான். ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுவியுங்கள். காலிப்பரின் பின்பக்கத்தில் 14 மில்லிமீட்டர் தலையுள்ள ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழையும். இடஞ்சுழியாகத் திருக, பிஸ்டன் உள்வாங்கும். புது பேட் போட்டபின் வலஞ்சுழியாகத் திருகி, பேட் டிஸ்கை இறுகப் பிடிக்கும்வரை கொண்டு வாருங்கள். அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்வாங்கினால் டிஸ்க் தடையின்றிச் சுழலும். மூடி போல்ட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

இந்தச் சரிசெய்தலை விட்டுவிட்டு, ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இழுத்து இறுக்குகிறவர்கள் ஏராளம். கேபிள் எப்போதும் இழுவையில் இருந்தால் பேட் உரசிக்கொண்டே ஓடி டிஸ்க் சூடேறும். முதலில் காலிப்பர், அதன்பின்தான் கேபிள். லீவர் 5 முதல் 7 கிளிக்கில் பிடித்தால் சரி. பிரேக் திரவம் டாட் 4 போதும். டாட் 5 சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்காது. பெயர் அடுத்தடுத்து இருப்பதை வைத்து ஏமாறாதீர்கள்.

எண்ணெய்கள்

கியர்பாக்ஸிலும் டிஃபரன்ஷியலிலும் வடிக்கும் பிளக்கைத் தொடும் முன் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். பழைய எண்ணெய் முழுதும் வடிந்தபின் நிரப்பும் பிளக் இறுகிப்போய் வராவிட்டால், கார் அங்கேயே நிற்கும்.

5 கியர் பெட்டிக்கு 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், சுமார் 2 லிட்டர். ஜிஎல்-5 எண்ணெய் பலவற்றில் அதிகமாக உள்ள கந்தகச் சேர்க்கை கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஆகாது; கியர் மாறும்போது உராயும் சத்தம் வரும். டிஃபரன்ஷியலுக்கோ ஜிஎல்-5தான் வேண்டும், 1.6 லிட்டர் என்ஜின் உள்ள காரில் சுமார் 0.65 லிட்டர், 1.8 லிட்டர் என்ஜின் உள்ளதில் 1 லிட்டர். நிரப்பும்போது நான்கு சக்கரமும் சமமட்டத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தால் துளை வழியே வழிவது பொய்யான அளவு.

என்ஜின் பின்பக்கத்திலிருந்து எண்ணெய் வழிந்து கியர்பாக்ஸ் கூட்டில் சொட்டினால் கிராங்க் பின் சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கத் தயாராகிறார்கள். முதல் தலைமுறையில் சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில் கேம் ஆங்கிள் சென்சார் (கேம் தண்டின் சுழற்சி நிலையைக் காட்டுவது) இருக்கிறது. அதன் ஓ-ரிங் காலத்தால் பிளாஸ்டிக் போலக் கெட்டியாகி எண்ணெய் கசிய விடும். ஒரேயொரு 12 மில்லிமீட்டர் போல்ட்தான் அதைப் பிடித்திருக்கிறது. கழற்றும் முன் அதன் நிலையைப் பெயின்ட் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இக்னிஷன் டைமிங் அமைவதும் அங்கேதான். திரும்பப் பூட்டியபின் டைமிங் லைட்டில் சரிபார்க்கும்போது, டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்ற இரு முனைகளையும் ஒயரால் இணையுங்கள். இணைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தானே முன்பின் நகர்த்தும், நீங்கள் பார்ப்பது அடிப்படை டைமிங் ஆகாது. கம்பெனி அளவு, பிஸ்டன் மேல்நிலைக்கு வரும் முன் 10 டிகிரி.

ஆரம்ப 1.6 கார்களில், 1990-91 வாக்கில் வந்தவற்றில், கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. முன் புல்லியில் 4 துளை இருந்தால் குட்டை, 8 இருந்தால் நீளம். டைமிங் பெல்ட் மாற்றும்போது இது தெரியாமல் கை வைப்பது ஆபத்து. முனையின் போல்ட்டை இறுக்க, குட்டை முனைக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீள முனைக்கு 157 முதல் 167. குட்டை முனையில் போல்ட் தளர்ந்தால், பல்சக்கரத்தைக் கிராங்க்கோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான கீ தன் பள்ளத்தையே தின்று, கிராங்க்கே கெட்டுவிடும். தேய்ந்த கீயைத் திரும்பப் போடாதீர்கள்.

பேட்டரி டிக்கியில் இருக்கிறது. சாதாரண அமில பேட்டரியை அங்கே வைத்தால் ஹைட்ரஜன் வாயு மூடிய இடத்தில் சேரும், அமில ஆவி தகட்டை அரிக்கும். மூடிய ஏஜிஎம் வகையை வாங்குங்கள். வாயு வெளியேறும் குழாயையும் இணைக்க வேண்டும்.

மேம்பாடுகள்

சஸ்பென்ஷன் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ்ஷின் உள்குழல் போல்ட்டோடு பிடித்துவிடும். காரை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நின்று விரைவில் கிழியும். கை இறுக்கத்தில் வைத்து, காரின் எடை சக்கரங்களில் ஏறியபின் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். உயரம் குறைக்கும் ஸ்பிரிங்கைப் பழைய டம்பரோடும் (ஷாக் அப்சார்பர்) பழைய பம்ப் ஸ்டாப்போடும் (சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் கட்டை) போட்டால், கார் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்து குதிக்கும். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் போல்ட்டுகள் புஷ் குழலுக்குள் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

திறந்த கோன் ஃபில்டர் என்ஜின் அறையின் சூடான காற்றைத்தான் இழுக்கும். சத்தம் கூடும், சக்தி கூடாது. அந்தப் பணத்தை டயரில் போடுங்கள்.

ரோல் பார் போடுவதானால், முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ரோல் பார் உச்சிக்கு ஒரு நேர்க்கம்பை வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தவரின் தலை அதற்கு 50 மில்லிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். தலை தொடக்கூடிய குழாய்க்குக் கெட்டியான பேடிங் கட்டாயம். அழகுக்காக விற்கும் வளையங்கள் உருண்ட காரைத் தாங்காது.

வீல் மாற்றும்போது துளை அமைப்பு 4 x 100, நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். நடுத்துளை பெரிய வீலுக்கு இடைவளையம் இல்லாவிட்டால் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டு எம்12 x 1.5. வேறு காரின் நட்டு முழுதாகத் திருகிப் போனாலும் அதன் கூம்பு வீலின் இருக்கையில் சரியாகப் படியாமல் போகலாம், ஆகவே இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 88 முதல் 118 நியூட்டன் மீட்டர் வரை, எதிரெதிராக இறுக்குங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் ரெஞ்சை ஒருமுறை மறுபடி வைத்துப் பாருங்கள்.