பிரெஞ்சில் ஆளை விட்டுவிட்டுப் பேச முடியாது

வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் அரைவாசிப்பேருக்குக் கணவனோ மனைவியோ பாரிசில் இருக்கிறார். மிச்சப்பேருக்குக் கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்துக்குப் போகிற யோசனை. எல்லோரும் முதல் நாளே கேட்பது அந்தத் தொண்டை 'ர'வை எப்படிச் சொல்வது என்றுதான். அதை நான் பிறகுக்குத் தள்ளிவிடுவேன்.

முதலில் இதைக் கவனியுங்கள். தமிழில் "நாளைக்கு வாறேன்" என்றால் போதும்; வருவது யார் என்பதை விகுதியே சொல்லிவிடும். பிரெஞ்சு வினைக்கும் விகுதிகள் உண்டு, ஆனால் அவற்றில் பல தாளோடு நின்றுவிடும். 'பேசு' என்ற வினையைப் பாருங்கள்: ஜ பர்ல் (நான்), த்யூ பர்ல் (நீ), இல் பர்ல் (அவன்), இல் பர்ல் (அவர்கள்). எழுதும்போது மூன்று விதமாக முடியும். காதுக்கு நாலும் ஒன்றுதான். நூ பர்லோன் (நாங்கள்), வூ பர்லே (நீங்கள்) இரண்டும் மட்டும் வேறாகக் கேட்கும். அதனால் கட்டளை தவிர மற்ற இடங்களில் ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்பதால் த்யூவும் வூவும் சுகம். கடைக்காரரிடம் வூ, தம்பியிடம் த்யூ.

வாக்கிய வரிசை ஆள், வினை, அதன்பிறகு மற்றவை. "ஜ ப்வா த்யூ தே" என்றால் நான் குடிக்கிறேன் தேத்தண்ணி (இந்தத் 'த்யூ' நீ அல்ல, வேறு சொல்). 'இல்லை' சொல்ல வினையை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கட்டுங்கள்: ஜ ந பர்ல் பா, நான் பேசுவதில்லை. பேச்சில் அந்த 'ந'வை அவர்களே விழுங்கிவிடுவார்கள், 'பா' மட்டும் மிஞ்சும்.

"நான் தமிழ்" என்று நாம் வினையே இல்லாமல் முடிப்போம். அங்கே முடியாது, "ஜ ஸ்வி தமூல்" என்று 'இரு' வினையைப் போடவேண்டும். ஆனால் வயதுக்கு அந்த வினை வராது. ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படிக்கிற கொழும்புப் பிள்ளைகள் எல்லோரும் இதில் விழுவார்கள். "எனக்கு முப்பது வயது" என்பதற்கு 'என்னிடம் உண்டு' என்ற வினைதான்: ஜே த்ரான்த் ஆன். பசிக்கும் அதே வினை, ஜே ஃபேன். இந்த இடத்தில் ஆங்கிலத்தை மறந்துவிட்டு 'எனக்கு' என்று யோசித்தால் தப்பலாம்.

பெயர்ச்சொல்லைத் தனியாகப் பாடமாக்கவேண்டாம். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். ஏன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. "யூன் தாப்ல்", "அன் லிவ்ர்" என்று முன்னொட்டோடு சேர்த்தே மனதில் போடுங்கள்.

இனி உச்சரிப்பு. தாப்ல் என்பதில் 'ட' போடவில்லை, கவனித்தீர்களா? பிரெஞ்சுக்காரரின் நாக்கு பல்லைத் தொடும். நமது 'த' அப்படியே பொருந்தும். சொல்லின் கடைசி மெய்யெழுத்துப் பெரும்பாலும் ஊமை. ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த ஊமை சிலவேளை பேசும். பள்ளியில் படித்த புணர்ச்சி மாதிரித்தான். "இலெம்" என்றால் அவன் விரும்புகிறான், "இல்ஸெம்" என்றால் அவர்கள் விரும்புகிறார்கள். நடுவில் தேனீ ரீங்கரிப்பதுபோல வரும் அந்த 'ஸ்' ஒலி ஒன்றுதான் ஆளையும் கூட்டத்தையும் பிரித்துக்காட்டுகிறது. இதைக் காது பிடிக்கும்வரை நான் அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.

மூக்கொலிக்குத் தமிழ்நாட்டுப் படங்களைக் கேளுங்கள். 'மரம்' என்பதை வேகமாகச் சொல்லும்போது உதடு மூடாது, 'ம்' மூக்கோடு போய்விடும். பர்லோன், ஆன், ஃபேன் எல்லாவற்றுக்கும் அதே வித்தைதான். நான் எழுதியிருக்கிற 'ன்' வெறும் அடையாளம். த்யூவில் உள்ள ஒலிக்கு வாயை 'இ' சொல்லவைத்து, உதட்டை மட்டும் 'உ'வுக்குக் குவியுங்கள். அந்த 'ர' குர்ஆன் ஓதப் பழகியவர்களுக்கு இலகு, அரபு 'கைன்' எழுத்துக்குக் கிட்டத்தட்ட அதே இடம். மற்றவர்கள் தண்ணீர் இல்லாமல் மெதுவாகக் கொப்பளித்துப் பாருங்கள்.

தமிழ் எழுத்தில் குறித்துப் படிப்பதை முதல் மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். மீனும் குடிபானமும் நம் எழுத்தில் ஒரே 'ப்வாசோன்'தான். பிரெஞ்சில் ஒன்று பல்லியின் 'ப', மற்றது பஸ்ஸின் 'ப'. உணவகத்தில் இது பிரச்சினை.

எண்களுக்கு அவசரப்படவேண்டாம். எழுபதை 'அறுபது-பத்து' என்றும் எண்பதை 'நாலு-இருபது' என்றும் பிரான்சில் சொல்வார்கள். அறுபத்தொன்பது வரைக்கும் பழகுங்கள், மிச்சத்தை அடுத்த மாதம் பார்க்கலாம்.