பழைய ஆர்எக்ஸ் 100-க்கு ரப்பர் சாமான் தேடுவது எப்படி?

அப்பா 1993-ல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. போன வருடம் தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி தாண்டி எங்கேயோ இடது பக்க சைடு கவர் கழன்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து ஸ்டாண்டு போட்டபோதுதான் கவனித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் லாரி ஏறி நொறுங்கிக் கிடந்தது. கவரைப் பிடித்திருக்க வேண்டிய கிராமெட்டை (தகட்டு ஓட்டையில் உட்காரும் ரப்பர் வளையம்) விரலால் தொட்டேன், பழைய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

அங்கே ஆரம்பித்து ஆறு மாதத்தில் வண்டியிலிருந்த ரப்பர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அதில் பாதிக் காசு தப்பான சாமான் வாங்கியதில் போனது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன வண்டி இது. கடைசியாக வந்த வண்டியின் ரப்பருக்கே இப்போது முப்பது வயது நெருங்குகிறது. ஸ்பிளெண்டர், புல்லட், யெஸ்டி எது வைத்திருந்தாலும் முறை இதுவேதான்.

1. எதை முதலில் மாற்றுவது

கண்ணுக்குத் தெரிகிற கிக்கர் ரப்பர், ஃபுட்ரெஸ்ட் ரப்பர் எல்லாம் கடைசியில். அவை தேய்ந்தால் வண்டி அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். இன்ஜினைக் கெடுக்கிறவற்றை முதலில் பாருங்கள்.

கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற மேனிஃபோல்டு ரப்பர்தான் என் பட்டியலில் முதல் இடம். அதில் வெடிப்பு விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போய், பெட்ரோல் கலவை மெலிந்துவிடும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்து மெதுவாக இறங்கும். கவனிக்காமல் தூர ஓட்டம் போனால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சோதிக்க ஸ்ப்ரே எதுவும் வாங்க வேண்டாம். சூடான இன்ஜின் பக்கத்தில் கார்ப்பரேட்டர் கிளீனர் அடிப்பது தீயோடு விளையாடுவது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து, ஐடிலில் ஓடும்போது ரப்பரைச் சுற்றி விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே ஓட்டை இருக்கிறது. ஒரு விஷயம்: வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும். மேலே பார்த்தால் ரப்பர் புதுசு மாதிரி இருக்கும். கழற்றி, இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள்.

அடுத்தது கிராங்க் ஆயில் சீல், அதாவது இன்ஜின் தண்டைச் சுற்றிக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். இடது, அதாவது மேக்னெட் பக்க சீல் போனாலும் காற்று இழுக்கும், மேலே சொன்ன அதே அறிகுறிதான். வலது, கிளட்ச் பக்க சீல் போனால் இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை தள்ளும், கியர் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வரும். இந்த வேலையை நான் மெக்கானிக்கிடம்தான் விட்டேன்.

பின் சக்கர கப்ளிங் ரப்பர் போனால் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரு அடி விழும். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு பின் ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டினால் தெரிந்துவிடும். ஒன்றிரண்டு மட்டும் மாற்றாதீர்கள், செட்டாக மாற்றுங்கள்.

2. அளவெடுப்பது (நான் விழுந்த பள்ளம் இதுதான்)

உதிர்ந்த கிராமெட்டில் கொஞ்சம் முழுசாக இருந்த ஒன்றை எடுத்து வெர்னியரில் (விட்டம், தடிமன் அளக்கும் கருவி) அளந்தேன். அளவை எழுதிக்கொண்டு போய், மலிவாகக் கிடைக்கிறதே என்று இருபது வாங்கி வந்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை. ஓட்டைக்குள் போட்டால் லொடலொட என்று ஆடியது. மறுபடி அளந்தேன், அளவு சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன்.

பிறகுதான் உறைத்தது. முப்பது வருட ரப்பர் எப்படி அதே அளவில் இருக்கும்? வெயிலிலும் சூட்டிலும் காய்ந்த ரப்பர் சுருங்கிவிடும். பெட்ரோலில் ஊறியது வீங்கிவிடும். வருடக்கணக்கில் நசுங்கிக் கிடந்த ஓ-ரிங் (கசிவை அடைக்கும் மெல்லிய ரப்பர் வளையம்) வட்டம் போய்த் தட்டையாகிவிடும். அதனால் ரப்பரை அளக்காதீர்கள், அது உட்காரும் இரும்பை அளங்கள். இரும்பு முப்பது வருடத்தில் மாறியிருக்காது.

கிராமெட்டுக்கு மூன்று அளவு வேண்டும்: பிராக்கெட்டில் இருக்கும் ஓட்டையின் விட்டம், அந்தத் தகட்டின் தடிமன், உள்ளே நுழையும் கவர் முளையின் விட்டம். தகட்டின் தடிமனை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கிராமெட்டின் நடுப்பள்ளம் தகட்டைவிட அகலமாக இருந்தால், விட்டம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது ஆடும். தகட்டில் பழைய பெயிண்டும் துருவும் ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு அளங்கள்.

ஓ-ரிங்குக்குப் பள்ளத்தின் விட்டமும் ஆழமும். ஃபோர்க் ஆயில் சீலுக்கு ஃபோர்க் பைப்பின் வெளிவிட்டமும் சீல் உட்காரும் குழியின் உள்விட்டமும் ஆழமும். சீலில் மட்டும் ஒரு வசதி உண்டு. பழைய சீலின் முகத்தைத் துணியால் துடைத்தால் பெரும்பாலும் மூன்று எண்கள் தெரியும். 25 40 8 என்று இருந்தால் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 40, தடிமன் 8. அந்த மூன்று எண்ணைச் சொன்னாலே போதும், வண்டிப் பெயர்கூடக் கடைக்காரருக்குத் தேவையில்லை.

கருவியைப் பற்றி என் அபிப்பிராயம்: டிஜிட்டல் வெர்னியர் வேண்டாம். மலிவானவற்றில் பேட்டரி இறங்கும்போது எண் தாவுகிறது. சாதாரண ஸ்டீல் வெர்னியர் ஒன்று வாங்குங்கள், உங்கள் பிள்ளைக்கும் உதவும். வெர்னியரே இல்லையா? டிரில் பிட் செட்டை எடுத்து, பிட்டின் மழுங்கிய பின்பக்கத்தை ஒவ்வொன்றாக ஓட்டைக்குள் விட்டுப் பாருங்கள். இறுக்கமாக நுழைகிற பிட்டின் அளவுதான் ஓட்டையின் அளவு. பிராக்கெட் உள்ளே ஒளிந்திருக்கும் இடங்களில் எனக்கு வெர்னியரைவிட இதுதான் கைகொடுத்தது.

3. பார்ட் நம்பர்

யமஹா பார்ட் நம்பர் பெரும்பாலும் மூன்று துண்டாக இருக்கும். முதல் துண்டு அந்தச் சாமான் எந்த மாடலுக்காக முதலில் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். நடுவில் உள்ள ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்பது. 27413 என்றால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், 25364 என்றால் பின் சக்கர டேம்பர், அதாவது மேலே சொன்ன கப்ளிங் ரப்பர். நடு எண் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக வேறு மாடலுடையது பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள், வேலைதான் ஒன்று, வடிவம் வேறு. ஆனால் நடு எண்ணோடு முதல் துண்டின் மூன்று எழுத்தும் சேர்ந்து பொருந்தினால், வேறு வண்டிக்கு என்று விற்றாலும் தைரியமாக வாங்கலாம்.

4. எங்கே போவது

சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதுப்பேட்டை பழைய இரும்புச் சாமானுக்கு நல்லது, ரப்பருக்கு அங்கே போய் அலையாதீர்கள். பெங்களூரில் ஜே.சி. ரோடு. காலை பதினொரு மணிக்குள் போங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் பத்து ரூபாய் கிராமெட்டுக்குப் பெட்டியைக் கிளற யாருக்கும் பொறுமை இருக்காது.

"அண்ணே, ஆர்எக்ஸ் ரப்பர் இருக்கா?" என்று கேட்டால் "எந்த ரப்பர் தம்பி?" என்றுதான் பதில் வரும். பழைய துண்டைக் கவுண்டரில் வைத்து, அளவு எழுதிய சீட்டை நீட்டுங்கள். பழைய துண்டு அளவுக்கு இல்லை, வடிவத்துக்கு. புதியதை மாட்டி ஒரு மாதம் ஓட்டும் வரை அதைத் தூக்கிப் போடவும் வேண்டாம்.

ஓ-ரிங், ஆயில் சீல், கிராமெட் இந்த மூன்றுக்கும் பைக் ஸ்பேர்ஸ் கடையைவிடப் பேரிங் கடைதான் மேல். பம்பு செட், மோட்டார் வேலைக்காக எல்லா ஊரிலும் ஒன்றாவது இருக்கும். அங்கே எல்லாம் அளவுக் கணக்குதான், 'ஆர்எக்ஸ் சாமான்' என்றதும் ஏறுகிற விலை அங்கே ஏறாது.

ஒரு எச்சரிக்கை. "பழைய ஸ்டாக், கம்பெனி கவர்கூடப் பிரிக்கல" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்பார்கள். இரும்புச் சாமான் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். ரப்பர் கவருக்குள்ளேயே கிழடாகிவிடும். நான் அப்படி வாங்கிய மேனிஃபோல்டு பார்க்கப் பளபள என்றிருந்தது. வளைத்ததும் முடி மாதிரி நுண்ணிய கோடுகள் விரிந்தன. நேற்று வார்த்த லோக்கல் ரப்பர் இதைவிட உழைக்கும்.

5. நல்ல ரப்பரா என்று பார்ப்பது

வளைத்துப் பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் உடனே மேலே வர வேண்டும். வெள்ளைத் தாளில் தேயுங்கள். கரி மாதிரி கோடு விழுந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பெட்ரோல் படுகிற ரப்பர் தனிக் கதை. பெட்ரோலையும் ஆயிலையும் தாங்குவது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர். சாதாரண ரப்பர் வீங்கிவிடும். இப்போது பம்பில் வரும் பெட்ரோலில் 20% எத்தனால் வேறு. நம் வண்டி பிறந்த காலத்தில் அந்தக் கணக்கே கிடையாது. பெட்ரோல் டியூபுக்கும் கார்ப்பரேட்டர் ஓ-ரிங்குக்கும் 'விட்டான்' (Viton) என்ற ரப்பர் கிடைத்தால் விலையைப் பார்க்காமல் வாங்குங்கள். எது என்று சந்தேகமாக இருந்தால் ஒன்று கூடுதலாக வாங்கி, ஒரு துண்டு வெட்டி, மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலுக்குள் இரவு முழுக்கப் போடுங்கள். வீட்டுக்குள் வைக்காதீர்கள். காலையில் வெட்டிய மீதியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கார் ரேடியேட்டர் ஹோஸை வெட்டிப் பெட்ரோல் டியூபாக மாட்டித் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும். அது தண்ணீருக்கான ரப்பர், பெட்ரோலில் ஊதிப்போகும்.

6. மாட்டுவது

கிரீஸ் தடவாதீர்கள். டயர் கடையில் என்ன செய்கிறார்கள்? சோப்புத் தண்ணீர். அதுவே போதும். அடம்பிடிக்கிற கிக்கர் ரப்பரைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, துணியால் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் ஆறிப்போய் அங்கேயே பிடித்துக்கொள்ளும். மேனிஃபோல்டு போல்ட்டுகளை ஒன்றை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டும்போது அதன் ரப்பர் கேஸ்கட் பள்ளத்தில் உட்காராமல் வெளியே பிதுங்குகிறதாம். பழையது நீண்டுவிட்டது என்று இழுத்து வெட்டி ஒட்டாதீர்கள். அது பெட்ரோல் குடித்து வீங்கியிருக்கிறது. துடைத்து நிழலில் ஒரு ராத்திரி காயவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். காலையில் மாட்டினால் உட்காரும். ஒருவருக்கு உட்கார்ந்தது. இன்னொருவருக்குக் காய்ந்த பிறகு கேஸ்கட் கல் மாதிரி விறைத்துவிட்டது, அவர் பேரிங் கடைக்குப் போயிருக்கிறார்.

இன்னொன்று: அந்த இருபது கிராமெட்டும் வீண் போகவில்லை. பக்கத்து வீட்டு டிவிஎஸ் 50-இன் கவருக்கு ஒன்று அளவெடுத்தது போல உட்கார்ந்தது. பத்தொன்பது மிச்சம் இருக்கிறது.