ஸ்குவாட், டெட்லிஃப்ட் சேர்க்கப் போகிறீர்களா? முதலில் எதை நீக்கப் போகிறீர்கள்?

திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, கால் மட்டும் சனிக்கிழமை. நம் ஊர் ஜிம்களில் புதிதாகச் சேர்பவருக்கு எழுதித் தரப்படும் அட்டவணை பெரும்பாலும் இந்த வார்ப்பில்தான் இருக்கும். அந்தச் சனிக்கிழமையும் லெக் எக்ஸ்டென்ஷன், லெக் கர்ல், லெக் பிரஸ் என்று இயந்திரங்களில் உட்கார்ந்தபடியே கழிந்துவிடும். சில மாதங்கள் கழித்து, பார்பெல்லில் (இருமுனையிலும் பிளேட் மாட்டும் நீளக் கம்பி) ஸ்குவாட்டும் (அதைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்ட்டும் (தரையிலிருந்து தூக்கி நிமிர்வது) செய்தால்தான் காலுக்கு உண்மையான பலம் வரும் என்று யாராவது சொல்வார்கள். சொன்னது சரிதான். ஆனால் கேட்டவர், ஏற்கெனவே செய்துவரும் ஒன்றையும் விட மனமில்லாமல், இரண்டையும் அதே சனிக்கிழமையின் தலையில் கட்டிவிடுகிறார். போதாததற்கு, ஒரு காலை முன்வைத்து இறங்கி எழும் லன்ஜும் வந்து ஒட்டிக்கொள்கிறது.

முதல் தவறு இதுதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கணிப்பு. ஸ்குவாட்டில் தொடை, பிட்டம், கீழ்முதுகு மூன்றும் ஒரே நேரத்தில் உழைக்கின்றன. டெட்லிஃப்ட்டில் விகிதம் மாறுகிறதே தவிர, உழைப்பவை ஏறக்குறைய அதே தசைகள்தான். இரண்டையும் ஒரே நாளில் கனமாகச் செய்தால், இரண்டாவதைச் செய்வது ஏற்கெனவே களைத்துப்போன கீழ்முதுகு. லெக் எக்ஸ்டென்ஷனில் தொடை சோர்ந்தால் எடை கீழே இறங்கிவிடும், அத்தோடு சரி. டெட்லிஃப்ட்டில் கீழ்முதுகு சோர்ந்தால் முதுகு வளையும், எடை கையிலேயே இருக்கும்.

ஆகவே கூட்டுவதற்கு முன் கழிக்க வேண்டும். காலுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்குங்கள். இடையில் இரண்டு நாளாவது இடைவெளி இருக்கட்டும். ஒரு நாள் ஸ்குவாட் முதன்மை, அதன் பின் குறைந்த எடையில் ரோமானியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது). இன்னொரு நாள் டெட்லிஃப்ட் முதன்மை, அதன் பின் இலேசாக லன்ஜ். முதன்மைப் பயிற்சியைச் செட்டுக்கு 5 முறை வீதம் 3 செட் செய்தாலே தொடக்கத்துக்குப் போதும். இயந்திரங்களில் பிடித்த ஒன்றை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மற்றவை சில மாதங்கள் ஓய்வெடுக்கட்டும், தொடை கரைந்துவிடாது.

அடுத்தது எடை. லெக் பிரஸ்ஸில் 150 கிலோ தள்ளுகிறவர் ஸ்குவாட்டில் 80 கிலோவாவது தூக்குவோம் என்று கணக்குப் போடுகிறார். லெக் பிரஸ்ஸின் தட்டு சரிவான தண்டவாளத்தில் நகர்வதால் மொத்த எடையும் காலுக்கு வருவதில்லை. முதுகுக்குச் சாய்மானம் உண்டு, சமநிலை பற்றிய கவலையும் இல்லை. தண்டவாளத்தில் கம்பி ஓடும் ஸ்மித் மெஷினும் அப்படித்தான். கம்பி போகும் பாதை அதிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது, பல மாதிரிகளில் கம்பியின் எடையைக் குறைக்க எதிர்எடையும் உண்டு. அந்த எண்களை மறந்துவிட்டு வெறும் கம்பியில் தொடங்குவதே நல்லது. ஒலிம்பிக் பளுதூக்கும் போட்டித் தரக் கம்பி ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. உள்ளூர்க் கம்பிகளின் எடை இதிலிருந்து மாறும் என்பதால், ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிடுங்கள்.

தண்டால், பஸ்கி என்று வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆழமாக உட்கார்ந்து எழும் திறன் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது, அது பெரிய முதலீடு. ஆனால் பழைய முறைப் பஸ்கியில் இறங்கும்போது குதிகால் மேலெழும். உடல் எடையோடு மட்டும் செய்யும்போது அதில் குறையில்லை. தோளில் கம்பி இருக்கும்போது குதிகால் எழுந்தால் பாரம் முழுவதும் விரல்களுக்குப் போய், கம்பி முன்னால் சாய்கிறது. ஓட்டப்பயிற்சிக்கான மெத்தென்ற ஷூ இதை இன்னும் மோசமாக்கும். தட்டையான, கெட்டியான அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் ஷூ போதும். கணுக்கால் மடங்க மறுப்பவர்கள் குதிகாலுக்கு அடியில் மெல்லிய பிளேட் வைத்துக்கொள்ளலாம். அப்போது குதிகால் உயர்ந்திருந்தாலும் ஊன்றியிருக்கிறது, வித்தியாசம் அதில்தான்.

“முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது” என்பது பல மாஸ்டர்கள் சொல்லும் வேதவாக்கு. 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பயிற்சி பெற்ற ஏழு ஆண்களைத் தங்கள் உடல் எடைக்குச் சமமான பார்பெல்லோடு ஸ்குவாட் செய்யவைத்தார்கள். ஒருமுறை இயல்பாக, இன்னொரு முறை முழங்கால் முன்னால் போகாதபடி மரப்பலகையைத் தடுப்பாக வைத்து. தடுத்தபோது முழங்காலில் விழுந்த திருப்புவிசை (மூட்டைச் சுழற்றப் பார்க்கும் விசை) சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பு மூட்டிலோ 28இலிருந்து 302க்கு ஏறியது. உடலும் கூடுதலாக முன்னால் சாய்ந்தது. முழங்காலைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பாரத்தை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் தள்ளிவிடுகிறோம் என்பதுதான் இதன் பொருள். தொடை நீளமானவர்கள் முழங்காலை முன்னே விடாமல் ஆழமாக உட்காரவே முடியாது. எழும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சரிகின்றனவா என்பதைக் கவனியுங்கள், எடை மிஞ்சிவிட்டதற்குப் பெரும்பாலும் முதல் அடையாளம் அதுவே. ஆழத்தைத் திருடிக் கால்வாசி இறங்கி எழுபவர்களுக்கும் மருந்து ஒன்றுதான், எடையைக் குறைப்பது.

டெட்லிஃப்ட்டில் யாரும் பேசாத ஒரு சிக்கல் பிளேட்டின் அளவு. போட்டிகளில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் கம்பியின் மையம் தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஜிம்களில் உள்ள 5 கிலோ, 10 கிலோ இரும்புப் பிளேட்டுகள் இதைவிடச் சிறியவை. குறைந்த எடையில் கற்றுக்கொள்ள வருபவருக்குத்தான் கம்பி மிகத் தாழ்வாகக் கிடக்கிறது. அதை எட்டிப் பிடிக்க அவர் முதுகை வளைக்கிறார், “உனக்கு ஃபார்ம் (செய்யும் முறை) சரியில்லை” என்று திட்டும் வாங்குகிறார். இருபுறமும் அடியில் பிளேட்டுகளை அடுக்கியோ, ராக்கின் (பார்பெல்லைத் தாங்கும் இரும்புச் சட்டம்) கம்பிகளில் ஏற்றியோ, பார்பெல்லைக் கெண்டைக்காலின் நடுவளவுக்கு உயர்த்திவிட்டால் பாதிப் பேரின் ஃபார்ம் தானாகவே சரியாகிவிடும்.

தூக்கும் கணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். கம்பி பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே, காலை ஏறக்குறைய உரசும் தூரத்தில். கைகள் நேராக. அவசரக்காரர் இந்த இடத்தில் கம்பியைச் சட்டென்று வெட்டி இழுப்பார். அதற்குப் பதிலாக மெல்ல இழுத்தால், கம்பிக்கும் பிளேட்டின் துளைக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளி அடைபட்டு ‘டிக்’ என்று ஓர் ஓசை கேட்கும். அந்த ஓசைக்குப் பிறகுதான் தரையைக் காலால் தள்ள வேண்டும். ஓசை வருவதற்குள் இடுப்பு மட்டும் மேலே எழுந்துவிட்டால், இறங்கி மறுபடி தொடங்குங்கள்.

மூச்சில் ஒரு சங்கடம் உண்டு. இயந்திரங்களில் “தள்ளும்போது மூச்சை விடு” என்று பழக்கியிருப்பார்கள். கனமான ஸ்குவாட்டில் பாதி வழியில் மூச்சு வெளியேறினால் வயிறு தளர்ந்து முதுகு ஆதாரம் இழக்கும். வயிறு நிறைய இழுத்து, இறுக்கி, கடினமான பகுதியைக் கடந்தபின் விடுவதே வழக்கம். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 1985இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், தமனிக்குள்ளேயே அளந்தபோது, இரு காலாலும் கனமாக லெக் பிரஸ் செய்தவர்களின் இரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை ஏறியது. உடல் நலமானவருக்கு அது சில நொடிகளில் இறங்கிவிடும். இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது. இடுப்புப் பெல்ட் முதுகுக்குக் கவசம் என்று நம்பி அணிபவர்களும் உண்டு. வயிறு அழுந்த ஒரு சுவர் கொடுப்பதுதான் அதன் வேலை, வயிற்றை இறுக்கத் தெரியாதவருக்கு அது வெறும் அலங்காரம்.

ராக்கின் பக்கக் கம்பிகளை உங்கள் ஆழத்துக்குச் சற்றுக் கீழே பொருத்தாமல் தனியாக ஸ்குவாட் செய்யாதீர்கள். இதில் விவாதமே இல்லை.

புதிதாகத் தொடங்கியபின் ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தொடை வலிப்பது இயல்பு. வலித்தால்தான் பயன் என்று நினைத்து எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவதுதான் ஆபத்து. சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்ற ஐயம் எழ வேண்டும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகிலிருந்து கால்வரை இறங்கும் வலியோ மரத்துப்போவதோ இருந்தாலும் மருத்துவர் பார்க்கும்வரை கம்பியைத் தொட வேண்டாம்.

எடையை ஏற்றும் வேகம் கடைசிச் சிக்கல். பல ஜிம்களில் இருக்கும் மிகச் சிறிய பிளேட் 2.5 கிலோ. இருபுறமும் போட்டால் ஒரே தாவலில் 5 கிலோ ஏறுகிறது. 40 கிலோ தூக்குபவருக்கு அது எட்டில் ஒரு பங்கு, வெறும் 15 கிலோக் கம்பியில் தொடங்கும் பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடியைச் சொந்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், ஒவ்வொரு முறையும் 2.5 கிலோ மட்டும் கூட்டலாம். ஒரே எடையில் அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தடுக்கி நின்றால், பத்தில் ஒரு பங்கு குறைத்து அங்கிருந்து மறுபடி ஏறுங்கள்.