பாக்கி நிற்கும் கடைக்குப் புதுச் சரக்கா?

போன வாரம் ஒரு தம்பி வந்தார். தறிப் பட்டறை போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. "ஆர்டர் திரும்ப வருதுண்ணா, எட்டுத் தறியும் ஓடுது, ஆனா சனிக்கிழமை கூலிக்குக் கையில காசில்ல" என்றார். 2021-ல் சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் நானும் இதையேதான் புலம்பிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுது, வீண் செலவைக் குறை என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். காசை முடக்குகிற தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

பழைய பாக்கி மேல் புதுச் சரக்கு

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். அந்த வருடம் மே மாத ஊரடங்கில் தறி நின்று, மெல்ல ஓட ஆரம்பித்த நேரம். ஏற்கெனவே நாலு லட்சம் பாக்கி வைத்திருந்த ஒரு வெளிமாநிலக் கடை தீபாவளிக்குச் சேலை கேட்டது. சரக்கை நிறுத்தினால் பழைய பணமும் போய்விடுமே என்ற பயத்தில் அனுப்பினேன், மறுபடி கேட்டார்கள், மறுபடி அனுப்பினேன், பாக்கி ஒன்பது லட்சத்தில் போய் நின்றது. பில் போட்டாயிற்று, எனவே பணம் வராவிட்டாலும் 5 சதவீத ஜிஎஸ்டியை நான் கட்டியாக வேண்டும். அடுத்த ஆடிவரை துண்டு துண்டாகத்தான் வந்தது, அதிலும் கலர் சரியில்லை என்று கொஞ்சம் கழித்துக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் இருபது இருபது சேலையாகக் காசு கொடுத்து எடுத்துப்போகும் உள்ளூர்க் கடைக்காரரை "அடுத்த வாரம் பாருங்க" என்று திருப்பி அனுப்பினேன். அவர் அப்புறம் வரவே இல்லை. கூலி இரண்டு சனிக்கிழமை இழுத்ததும், நல்ல தறிக்காரர் ஒருவர் என்னிடம் வாங்கியிருந்த முன்பணத்தை இன்னொரு பட்டறைக்காரர் அடைத்துவிட்டுக் கூட்டிப்போய்விட்டார்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 94 ரூபாய் அடக்கத்தில் நெய்ததை 100-க்கு விற்கிறீர்கள். 120 நாள் கடன், நீங்கள் பணம் புரட்டுவது வருடத்துக்கு 18 சதவீத வட்டியில். வட்டிக்கே ஐந்தரை ரூபாய் போய்விடும். மீதி அரை ரூபாய்க்குத்தான் எட்டுத் தறியும் ஓடுகிறது.

இப்போது என் வரிசை இது: முதலில் கூலி, அப்புறம் நூல் கடை, அப்புறம் வங்கி. பாக்கி வைத்த கடைக்கு, பழையதில் எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் புதுச் சரக்கு. கோபித்துக்கொண்டு போகிறவர் எப்படியும் தரப்போவதில்லை.

பில்லில் உத்யம் எண் போடாமல் விடுவது

உத்யம் என்பது நம் மாதிரிச் சிறு தொழிலுக்கு அரசு தரும் பதிவு. அந்த எண் பில்லில் இருந்தால், நாம் அந்தப் பட்டியலில் இருப்பது வாங்குபவருக்குத் தெரியும். அப்படிப் பதிந்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள், எப்படியும் 45 நாளைத் தாண்டாமல், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், அப்படித் தராமல் வருடக் கடைசியிலும் நிலுவை வைத்தால், அந்தத் தொகையைக் கட்டுகிற வருடத்தில்தான் வாங்கியவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். வழக்குப் போட்டால் அடுத்த ஆர்டர் வராது, வாஸ்தவம்தான். ஆனால் மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே நமக்காகப் பேசுவார்.

எல்லா டிசைனும் ஓட்டுவது

ஓடுகிற நாலு போதும்.

ஆயுத பூஜைக்குப் புதுத் தறி

வர வேண்டிய பாக்கி பாதியாகட்டும், பார்க்கலாம்.